கொடுத்த கை: அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களும் நாடு கடந்த தத்தும்

தமிழில் 'தத்து' என்னும் சொல் 'கொடுக்கப்பட்டது' எனப் பொருள்படும் வடசொல்லின் வழியே வந்தது. அதனோடு 'எடுத்தல்' சேர்ந்து 'தத்தெடுத்தல்' ஆகும்போது, கொடுத்தவர் கையும் எடுத்தவர் கையும் ஒரே சொல்லுக்குள் வந்து நின்றுவிடுகின்றன. ஒரு நாட்டில் பிறந்த குழந்தை, வேறொரு நாட்டில் வழக்கமாக வாழும் தம்பதியருக்குச் சட்டப்படி பிள்ளையாகி அந்நாட்டுக்குக் குடிபெயர்வதை 'நாடு கடந்த தத்து' என்பர். கடந்த 70 ஆண்டுகளில் இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி எடுத்த கையின் கதையாகவே இருக்கிறது. குறிப்பாக அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் தத்துப் பயணத்தைச் சபைகளில் சாட்சியாகச் சொல்லியும் நூலாக எழுதியும் வந்திருப்பதால், அவர்களுடைய அழைப்பு, காத்திருப்பு, கண்ணீர், விமான நிலைய வரவேற்பு ஆகியவை மிக விரிவாகப் பதிவாகியுள்ளன. கொடுத்த கை யாருடையது, அது எப்படிக் கொடுத்தது என்பது அண்மைக்காலம்வரை ஓரிரு வரிகளிலேயே முடிந்துவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து தொடங்கியது, நடைமுறையின் எந்தப் படியில் நிலைபெற்றது, இன்று என்னவாகியிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாடு கடந்த தத்து அமெரிக்காவில் ஓர் இயக்கமாக உருப்பெற்றதற்கு ஆரகன் மாநிலத்தின் கிரெஸ்வெல் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியரே முதற்காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆறு பிள்ளைகளைப் பெற்றிருந்த இத்தம்பதியர், 1954இல் 'வேர்ல்ட் விஷன்' அமைப்பின் நிறுவனர் பாப் பியர்ஸ் திரையிட்ட படம் ஒன்றில், கொரியப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து ஆதரவின்றி விடப்பட்ட குழந்தைகளைக் கண்டனர். அவர்களில் எட்டுப் பேரைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவருவதென முடிவு செய்தனர். அன்றைய சட்டம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தைகளுக்கு மேல் அனுமதிக்காததால், 1955இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களுக்காகவே தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. நாளேடுகள் படத்துடன் வெளியிட்ட அச்செய்தியைப் பார்த்து நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிய, அடுத்த ஆண்டே ஹோல்ட் தத்துத் திட்டம் தொடங்கிற்று.

ஹோல்ட் தம்பதியர் தம்மிடம் விண்ணப்பித்தவர்களிடம் முதன்மையாக எதிர்பார்த்தது கிறிஸ்துவில் உறுதியான விசுவாசத்தை. சமூகப்பணியாளர்கள் வலியுறுத்திய குடும்ப ஆய்வு, வருமானக் கணக்கு, தகுதிகாண் காலம் ஆகியவற்றை அவர்கள் தேவையற்ற தடைகளாகக் கருதினர். தம்பதியர் கொரியாவுக்குப் போகாமலே, பதிலாள் ஒருவர் அங்குள்ள நீதிமன்றத்தில் நின்று தத்தை முடித்து, குழந்தைகளை வாடகை விமானத்தில் மொத்தமாக அனுப்பிவைக்கும் 'பதிலாள் தத்து' என்ற முறை இவ்வாறு பரவிற்று. பிள்ளையைத் தாய் தந்தையர் முதன்முதலாகப் பார்ப்பது விமான நிலையத்தில்தான் என்றால், அந்தத் தத்தில் ஆராயப்பட்டது என்ன என்று குழந்தை நலத் துறையினர் கேட்டனர். 1949இலேயே 'வெல்கம் ஹவுஸ்' என்ற தத்து அமைப்பை நிறுவியிருந்த நாவலாசிரியர் பேர்ல் பக் போன்றோர் கலப்பினக் குழந்தைகளுக்கு வீடு தேடித் தருவதை ஆதரித்தவர்களே என்றாலும், அவர்கள் வந்த வழி வேறு. 1961இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பின் பதிலாள் தத்து மெல்ல வழக்கொழிந்தது. ஆனால் விசுவாசமே போதிய தகுதி என்ற எண்ணம், சட்டம் மாறியதும் மறைந்துவிடக் கூடியதாக இருக்கவில்லை.

கொரியப் பக்கத்தில் நடந்தது இதைவிட நுட்பமானது. அந்நாட்டில் ஒவ்வொருவரும் 'ஹோஜுக்' எனப்படும் குடும்பப் பதிவேட்டில் தந்தைவழிக் குடும்பத்தின் கீழ் இடம்பெற்றாக வேண்டியிருந்தது. பெற்றோர் உயிருடன் இருக்கும் குழந்தையைத் தத்துக்கு அனுப்புவது சிக்கலானதால், அக்குழந்தைக்கென்று தனியாக 'அநாதைப் பதிவேடு' ஒன்றைத் திறந்து, அதில் அதையே குடும்பத் தலைவராகவும் ஒரே உறுப்பினராகவும் எழுதிவிடுவது வழக்கமாயிற்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஒரு பக்கத்தில் குடும்பத் தலைவராவதும், அதே பக்கத்தில் அதன் தாய் இல்லாமற்போவதும் ஒரே எழுத்தரின் ஒரே பேனாவால் நடந்தன. போர் முடிந்து நெடுங்காலம் ஆன பிறகும் இந்த ஏற்றுமதி குறையவில்லை. மாறாக, நாடு செல்வம் அடைந்துகொண்டிருந்த 1985ஆம் ஆண்டில்தான் 8,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு சென்றனர். 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது மேற்கத்திய ஊடகங்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்த பிறகே எண்ணிக்கை இறங்கியது. மொத்தத்தில் ஏறத்தாழ 2,00,000 கொரியக் குழந்தைகள் நாடு கடந்திருப்பர் என்பது பரவலான கணிப்பு. 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், தன்னிடம் முறையிட்ட 367 பேரில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு உள்ளானவர்களென அறிவித்தது. பொய்யான அநாதைப் பதிவு, ஒரு குழந்தையின் அடையாளத்தில் வேறொரு குழந்தையை அனுப்பியது, தாயின் முறையான சம்மதம் இன்மை ஆகியவற்றை அது அடையாளம் கண்டது.

கொரியாவுக்குப் பின் வந்த நாடுகளின் வரலாறு ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதால் அதை விரைவாகவே சொல்லிவிடலாம். ஒரு நாட்டில் போரோ, வறுமையோ, ஆட்சிக் கவிழ்ப்போ நேர்கிறது, குழந்தை இல்லங்களின் படங்கள் மேற்கே பரவுகின்றன, தத்து பெருகுகிறது, பணம் பாய்கிறது, முறைகேடு வெளிப்படுகிறது, கதவு மூடப்படுகிறது, தம்பதியரும் முகமைகளும் அடுத்த நாட்டை நோக்கி நகர்கின்றனர். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் வீழ்ச்சிக்குப் பின் ருமேனியா, 1990களில் சீனாவும் ரஷ்யாவும், பின்னர் குவாத்தமாலா, அதன் பின் எத்தியோப்பியா, உகாண்டா என்று இவ்வலை சென்றது. 2004ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 23,000 குழந்தைகள் தத்தாக வந்தனர், அதுவே உச்சம்.

இந்த உச்சம் கடந்து எண்ணிக்கை இறங்கத் தொடங்கிய வேளையில்தான் அமெரிக்கச் 'சுவிசேஷ சபையினர்' தத்தை ஓர் இயக்கமாகவே கையிலெடுத்தனர் என்பது விந்தை. வேதாகமத்தின் இறுதி அதிகாரத்தையும் தனிமனிதரின் மனமாற்ற அனுபவத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட் பிரிவினரே இப்பெயரால் அழைக்கப்படுகின்றனர். 2004இல் 'அநாதைகளுக்கான கிறிஸ்தவக் கூட்டமைப்பு' உருவானது. நவம்பரில் 'அநாதை ஞாயிறு' கடைப்பிடிக்கப்பட்டது. 2009இல் தென் பாப்டிஸ்ட் மாநாடு தத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு இறையியலாளர் ரஸ்ஸல் மூர் எழுதிய 'அடாப்டட் ஃபார் லைஃப்' என்ற நூல் சபைகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. சீனாவிலிருந்து மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்த கிறிஸ்தவ இசைக்கலைஞர் ஸ்டீவன் கர்ட்டிஸ் சாப்மனும் அவர் மனைவியும் தொடங்கிய 'ஷோ ஹோப்' அமைப்பு, தத்தெடுக்க விரும்பும் குடும்பங்களுக்கு நிதியுதவி வழங்கியது.

இவ்வியக்கத்தின் இறையியல் அடித்தளம் இரண்டு கால்களில் நிற்கிறது. தேவன் மனிதரைக் கிறிஸ்துவின் வழியாகத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்ற பவுலின் போதனை முதலாவது. தமிழ் வேதாகமம் இதைப் 'புத்திரசுவிகாரம்' என்று மொழிபெயர்க்கிறது. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்னும் யாக்கோபின் அறிவுரை இரண்டாவது. முதற்காலில் ஒரு நெளிவு உண்டு. பவுல் கையாண்ட 'ஹுயோதெசியா' என்ற கிரேக்கச் சொல்லின் பின்னணியாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ரோமானியச் சட்டத்தின் தத்து. அது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைக் குடும்பப் பெயருக்கும் சொத்துக்கும் வாரிசாக்கிய ஏற்பாடு. தொலைநாட்டுக் கைக்குழந்தைக்கு அதைப் பொருத்துவது உவமைக்கு ஏற்கும், சட்டத்துக்கு ஏற்காது. இரண்டாம் காலின் நெளிவு இன்னும் பெரியது. பழைய ஏற்பாட்டில் 'திக்கற்றவர்' எனத் தமிழில் வரும் 'யாதோம்' என்ற எபிரேயச் சொல் முதன்மையாகத் தகப்பன் இல்லாத பிள்ளையைக் குறிப்பது. அதனால்தான் அச்சொல் திரும்பத் திரும்ப விதவையோடு சேர்ந்தே வருகிறது. அந்த விதவை வேறு யாரோ அல்லள், பெரும்பாலும் அப்பிள்ளையின் தாய். இருவரையும் சேர்த்து விசாரிக்கச் சொன்ன கட்டளையில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்தது எப்படி என்ற கேள்வியை வெளியார் யாரும் எழுப்பவில்லை. அலபாமாவின் சாம்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவரும் விசுவாசியுமான டேவிட் ஸ்மோலின், 2012இல் வெளியான தம் நீண்ட ஆய்வுரையில் எழுப்பினார். அவர் எவ்வாறு அக்கேள்விக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்வதற்கு முன், ஒரு குடும்பம் கடக்கும் நடைமுறையைப் பார்த்தாக வேண்டும்.

இன்றைய நடைமுறையின் ஆணிவேர், 1993 மே 29 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் நிறைவேறிய நாடு கடந்த தத்து உடன்படிக்கையாகும். குழந்தைக்கு அதன் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட முதலில் முயல வேண்டும், நாடு கடந்த தத்து அதற்கு அடுத்த வாய்ப்பே. தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகே, விலைக்கின்றிப் பெறப்பட வேண்டும். முறையற்ற ஆதாயம் எவருக்கும் கூடாது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு 'மைய அதிகார அமைப்பு' பொறுப்பேற்க வேண்டும் என்பன அதன் சாரம். அமெரிக்காவில் இது நடைமுறைக்கு வந்தது 2008 ஏப்ரல் 1இல்தான்.

இதன்படி தத்தெடுக்க விரும்பும் தம்பதியர் முதலில் அங்கீகாரம் பெற்ற முகமை ஒன்றில் பதிவு செய்கின்றனர். சமூகப்பணியாளர் பலமுறை சந்தித்து எழுதும் 'குடும்ப ஆய்வு' அடுத்தது. கணவனையும் மனைவியையும் தனித்தனியே அமர்த்தி அவர்கள் வளர்ந்த விதம், மணவாழ்வின் சண்டைகள், பிள்ளையைக் கண்டிக்கும் முறை ஆகியவை கேட்கப்படுகின்றன. வருமான வரிக் கணக்கும் மருத்துவச் சான்றும் காவல்துறைச் சான்றும் பெறப்படுகின்றன. மருந்து அலமாரிக்குப் பூட்டு உண்டா, துப்பாக்கி இருந்தால் அது பூட்டிய பெட்டியில் இருக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா என்பதுவரை பார்க்கப்படுகிறது. குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். பின்னர் குடியேற்றத் துறைக்கு விண்ணப்பம், கைரேகைப் பதிவு, ஒப்புதல். அதன் பின் எல்லா ஆவணங்களும் நோட்டரி சான்று பெற்று, மாநில அரசின் 'அப்போஸ்டில்' முத்திரை குத்தப்பட்டு, வெளிநாட்டுக்கு அனுப்பத்தக்க ஒரே கட்டாகின்றன. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் அனுப்பிய தமிழர்களுக்குப் பழக்கமான அதே முத்திரைதான் இது. மணச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். தத்துக் குடும்பங்கள் இக்காலத்தைக் 'காகிதக் கர்ப்பம்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காலக்கெடு முடிந்து ஒப்புதலைப் புதுப்பிக்க நேரும்போது அந்த வேடிக்கை அவ்வளவாக எடுபடுவதில்லை.

குழந்தையின் நாட்டு மைய அதிகார அமைப்பு, இந்த ஆவணக் கட்டைப் படித்து ஒரு குழந்தையை அக்குடும்பத்துக்குக் குறித்து, படமும் மருத்துவக் குறிப்பும் சில பக்க வரலாறும் அனுப்புகிறது. இதைத் தமிழில் 'பொருத்தம்' என்று சொன்னால் கல்யாணத் தரகரின் நினைவு வரலாம்; ஆனால் அந்தப் படத்தைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, அந்த ஒப்பீடு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. குடும்பம் ஏற்றுக்கொண்டால் குழந்தைக்கான விண்ணப்பம், தூதரகத்தின் முன்னொப்புதல், அந்நாட்டுத் தத்தாணை, உடன்படிக்கைப்படி நடந்ததென்ற சான்றிதழ், விசா என்று படிகள் தொடர்கின்றன. தத்து வெளிநாட்டிலேயே முழுமை பெற்று, அமெரிக்கக் குடியுரிமையுள்ள பெற்றோருடன் 18 வயதுக்குள் வந்து இறங்கும் குழந்தை, 2000ஆம் ஆண்டின் சட்டப்படி தானாகவே குடியுரிமை பெறுகிறது.

இவையெல்லாம் முடிய இரண்டு மூன்று ஆண்டுகளும், பொதுவாக 30,000 முதல் 50,000 டாலர்வரையும் ஆகும். கூட்டரசு வரிச்சலுகை ஒரு பகுதியை ஈடுகட்டும் என்றாலும் அது பின்னால்தான் வரும். நடுத்தரக் குடும்பம் ஒன்றால் முன்பணமாகத் தர முடியாத தொகை இது. இங்கேதான் சபை உள்ளே வருகிறது. பழைய பொருள் விற்பனை, சட்டை விற்பனை, உணவு விருந்து ஆகியவற்றோடு, பல குடும்பங்கள் கையாளும் ஒரு முறை கவனிக்கத்தக்கது. நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கொண்ட படப்புதிர் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு துண்டையும் குறிப்பிட்ட தொகைக்கு விற்கின்றனர். கொடுத்தவரின் பெயரைத் துண்டின் பின்புறத்தில் எழுதுகின்றனர். எல்லாத் துண்டும் விற்றதும் படத்தைச் சேர்த்து, இருபுறமும் தெரியும் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துக் குழந்தையின் அறையில் மாட்டுகின்றனர். தன்னை அழைத்துவரப் பணம் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் அக்குழந்தை வளர்ந்தபின் சட்டத்தைத் திருப்பிப் படிக்க முடியும். அதில் அன்பு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பெற்றவளின் பெயருக்கு மட்டும் அதில் துண்டு இல்லை.

இந்த நடைமுறையின் அமைப்பிலேயே பிழை இருக்கிறது என்பதே அறிஞர் சிலரின் முடிவு. சான்றுகளைப் பார்க்கையில் அம்முடிவை மறுப்பது கடினம். எடுக்கும் குடும்பத்தின் கோப்பு கைப்பிடி அளவு தடிமன். கொடுக்கும் பக்கத்துக் கோப்பு நான்கைந்து தாள். முன்னதன் ஒவ்வொரு வரியையும் நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்க்க ஆட்கள் இருக்கின்றனர். பின்னதன் 'பெற்றோர் இல்லை' என்ற வரி, தொலைவிலுள்ள ஓர் ஊரில் ஒருவர் எழுதியது, அதைப் பிறர் படியெடுத்து முத்திரை வைத்தது. முத்திரை கூடக்கூட அவ்வரி உண்மைபோல் ஆகிவிடுகிறது.

ஸ்மோலின் தம்பதியரின் அனுபவம் இதற்கு எழுத்திலுள்ள மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1998இல் அவர்கள் ஆந்திரப் பிரதேசத்தின் குழந்தை இல்லம் ஒன்றிலிருந்து இரண்டு சகோதரிகளைத் தத்தெடுத்தனர். சிறுமியர் கைக்குழந்தைகள் அல்லர். தங்களுக்குத் தாய் இருக்கிறாள் என்று சொல்லத் தெரிந்த வயதினர். வந்து சேர்ந்தபின் அதைச் சொன்னார்கள். படிக்க வைப்பதற்காக இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகள், தாயின் விருப்பத்துக்கு மாறாகத் தத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது சில ஆண்டுகளுக்குப் பின் அத்தாயைக் கண்டுபிடித்தபோது உறுதியாயிற்று. அதே காலத்தில் ஆந்திராவின் பல இல்லங்களில் குழந்தைகளைக் குறைந்த விலைக்கு வாங்கித் தத்துக்கு அனுப்பிய முறைகேடு வெளிவந்து கைதுகளும் நடந்தன. இவ்வனுபவத்திலிருந்து ஸ்மோலின் 'குழந்தைச் சலவை' என்ற கருத்தை வகுத்தார். கறுப்புப் பணத்தைப் பல கணக்குகள் வழியே சுற்றவிட்டு வெள்ளையாக்குவதுபோல், வாங்கியோ ஏமாற்றியோ திருடியோ பெற்ற குழந்தையை ஆவணங்களின் வழியே சுற்றவிட்டு 'சட்டப்படி அநாதை' ஆக்குவதையே அவர் அப்படி அழைத்தார். குற்றவாளிகள் சட்டத்தை மீறி இதைச் செய்யவில்லை, தத்துச் சட்டத்தின் படிகளைப் பயன்படுத்தியே செய்கின்றனர் என்பதே அவர் வாதத்தின் கூர்மை.

உகாண்டாவில் நடந்தது இதன் பிற்காலப் பிரதி. ஒஹையோ மாநிலத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று 2015இல் அங்கிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தத்தெடுத்தது. சிறுமி ஆங்கிலம் பேசத் தொடங்கியதும் சொன்ன விவரங்கள் கோப்பிலிருந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. படிக்க வைக்கிறோம் என்ற வாக்கை நம்பித் தாய் அனுப்பியிருந்தாள் என்பது தெரிந்ததும், அக்குடும்பம் தத்தை முறிக்கச் சட்ட வழி தேடி, மறு ஆண்டே சிறுமியைத் தாயிடம் ஒப்படைத்தது. 2020இல் அமெரிக்க நிதித்துறை, உகாண்டாவின் தத்து மோசடிகளில் தொடர்புடையோரென இரண்டு நீதிபதிகள் உள்ளிட்ட நால்வர் மீது பொருளாதாரத் தடை விதித்தது. விசுவாசம் கண்ணை மறைக்கவும் செய்யும், கண்ணைத் திறக்கவும் செய்யும் என்பதற்கு இவ்விரு குடும்பங்களையும் இரண்டாவதற்குச் சான்றாகக் காட்டலாம். முதலாவதற்குச் சான்று ஹெயிட்டி: 2010 ஜனவரி நிலநடுக்கத்தின் மூன்று வாரங்களுக்குள், பெரும்பாலும் ஐடஹோ மாநிலத்துப் பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர், உரிய ஆவணமின்றி 33 குழந்தைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று எல்லையில் பிடிபட்டனர். அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தது பின்னர் தெரியவந்தது.

'அநாதை' என்ற சொல்லின் எண்ணிக்கையும் இக்குழப்பத்துக்கு உதவியது. உலகில் 14 கோடி அநாதைகள் இருப்பதாகச் சபை மேடைகளில் சொல்லப்பட்ட எண் யுனிசெஃபினுடையதே. ஆனால் யுனிசெஃபின் கணக்கில் தாயையோ தந்தையையோ ஒருவரை மட்டும் இழந்த பிள்ளையும் அடங்கும். 2015ஆம் ஆண்டுக் கணிப்பில் ஏறத்தாழ 14 கோடியில் இருவரையும் இழந்தோர் 1.51 கோடி, அவர்களிலும் பெரும்பாலோர் தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை வீடுகளில் வளர்பவர்கள். இதோடு வளர்ப்பு பற்றிய பண்பாட்டுப் புரிதலும் மாறுபடுகிறது. எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடையே 'குடிஃபெச்சா' என்ற மரபுத் தத்து உண்டு. அதில் பிள்ளை புதிய வீட்டின் உரிமை பெறும், பெற்ற வீட்டின் உறவையும் இழக்காது. தமிழ்க் கிராமங்களில் அக்காள் பிள்ளையைத் தங்கை வளர்ப்பதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், உறவை முழுவதும் துண்டித்து, திரும்பப் பெற இயலாதபடி செய்யும் ஒப்பந்தத்தாளில் கைநாட்டு வைத்தவர் எதை ஒப்புக்கொண்டதாக நினைத்தார் என்பதைச் சட்ட மொழிபெயர்ப்பால் மட்டும் தீர்த்துவிட முடியாது. எத்தியோப்பியா 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தைத் தடைசெய்தது.

தமிழ் வாசகருக்கு இவை வேற்றூர்க் கதைகள் அல்ல. சென்னையில் 1990களின் இறுதியில் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் ஓர் இல்லத்தின் வழியே வெளிநாடுகளுக்குத் தத்தாகச் சென்றதை 2005இல் காவல்துறை கண்டறிந்தது. பிள்ளையைத் தேடிய பெற்றோரின் வழக்கு நெதர்லாந்து நீதிமன்றம்வரை சென்றது. இலங்கையில் 1980களில் 'குழந்தைப் பண்ணைகள்' நடந்ததும், அக்காலத்தில் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குச் சென்றதும், சில வேளை கூலிக்கு அமர்த்திய பெண் ஒருத்தி தாயாக நடித்துக் கையெழுத்திட்டதும் 2017இல் டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் உலகறிந்தன. ஹேக் உடன்படிக்கையை முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று என்பது, அந்நாடு பட்ட பாட்டைத்தான் காட்டுகிறது.

இந்தியச் சட்டத்தில் ஒரு வினோதம் நெடுங்காலம் நிலவியது. 1956இன் இந்துத் தத்துச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டுமே உரியது. ஆகவே இந்தியக் கிறிஸ்தவத் தம்பதியர் 1890இன் பாதுகாவலர் சட்டப்படி குழந்தைக்குப் பாதுகாவலர் ஆக முடிந்ததே தவிர, பொதுச் சட்டம் எதன்படியும் பெற்றோராக முடியவில்லை. அமெரிக்கக் கிறிஸ்தவத் தம்பதியரும் அதே 1890 சட்டப்படி பாதுகாவலராகவே குழந்தையைக் கொண்டுசென்றனர். ஆனால் தம் நாட்டுக்குப் போய் முழுத் தத்தை முடித்துக்கொண்டனர். திருநெல்வேலிச் சபையின் பிள்ளையில்லாத தம்பதியருக்குக் கிடைக்காத பெற்றோர் உரிமை, அதே ஊர்க் குழந்தையின் மேல் ஆரகன் தம்பதியருக்குக் கிடைத்தது. 2006இல் திருத்தப்பட்ட இளைஞர் நீதிச் சட்டமும், எந்த மதத்தவரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று உறுதிசெய்த 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதை மாற்றின. நாடு கடந்த தத்துக்கு ஒழுங்கு வகுத்தது அதற்கும் முந்தையது: வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பின் விளைவாக 1990இல் 'காரா' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்து அமைப்பு உருவானது. இன்று இந்தியாவில் குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு, முடிவை மாற்றிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தை நலக் குழு அறிவித்த பிறகே அக்குழந்தை தத்துக்கு உரியதாகிறது. வெளிநாட்டுக் குடும்பத்துக்கு முன் உள்நாட்டுக் குடும்பத்துக்கே வாய்ப்பு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் குழந்தைகளும் தத்துக்குச் சென்றவர்களில் அடங்குவர் என்பதால், எல்லாத் தத்தையும் களவென்று சொல்லிவிடுவதும் தவறாகும். அக்குழந்தைகளில் பலருக்கு வாழ்க்கையே அதனால் கிடைத்தது.

தத்தாக வந்தவர்கள் வளர்ந்து பேசத் தொடங்கியதே இவ்விவாதத்தின் போக்கை மாற்றிய பெரிய காரணம். குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயதைக் கடந்திருந்தவர்களை அது சேர்க்கவில்லை. பெற்றோர் அக்கறையின்றி விட்ட ஒரு விண்ணப்பத்தால், நாற்பது வயதில் குற்ற வழக்கொன்றில் சிக்கி, மொழியே தெரியாத கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர் உண்டு. வேறு பலர் மரபணுச் சோதனையில் உறவினரைக் கண்டடைந்து, தங்கள் 'அநாதைப் பதிவேடு' பொய்யென்று அறிந்தனர்.

கதவுகள் இப்போது ஒவ்வொன்றாக மூடுகின்றன. ரஷ்யா 2013 முதல் அமெரிக்கரைத் தடுத்துவிட்டது. அதில் குழந்தை நலத்தைவிட அரசியல் பழிவாங்கலே மிகுதி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குவாத்தமாலா 2007இன் இறுதியோடு நிறுத்திற்று. 1992 முதல் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளியே அனுப்பிய சீனா 2024இல் திட்டத்தையே முடித்துக்கொண்டது. பொருத்தம் முடிந்து படமும் பெயரும் கிடைத்து, பெருந்தொற்றால் பயணம் தடைபட்டு நான்கைந்து ஆண்டுகள் காத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அத்தோடு நின்றுபோயின. அவற்றில் விசுவாசிகள் பலர். குறைபாடுள்ள பிள்ளைகளை அறிந்தே ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள், அவர்களுடைய துயரத்தை எந்தக் கோட்பாட்டாலும் சிறிதாக்க இயலாது. நெதர்லாந்து 2024இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. அமெரிக்காவுக்கு 2023ஆம் நிதியாண்டில் வந்த குழந்தைகள் 1,275 பேர் மட்டுமே. மிச்சிகன் மாநிலத்துப் பெரிய கிறிஸ்தவ முகமையான 'பெத்தனி' 2020இலேயே தன் நாடு கடந்த தத்துப் பணியை முடிப்பதாக அறிவித்து, பிள்ளை பிறந்த நாட்டிலேயே குடும்பங்களைத் தாங்கும் பணிக்குத் திரும்பியது. திக்கற்ற பிள்ளையோடு விதவையையும் விசாரிக்கும் வேலை என்று இதைச் சொன்னால், ஸ்மோலின் எழுப்பிய கேள்விக்கு ஒரு முகமை தந்த விடையாகவே அதைக் கொள்ளலாம்.

ஹேக் உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, குழந்தையின் பிறப்பு பற்றிய விவரங்களை, குறிப்பாகப் பெற்றோரின் அடையாளத்தைப் பாதுகாத்து வைக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. அதை நம்பி இன்று சியோலுக்கும் கொழும்புக்கும் ஹைதராபாதுக்கும் நடுவயதினர் வந்து, பழைய அலமாரியிலிருந்து தங்கள் கோப்பை எடுத்துத் தரச் சொல்கின்றனர். தங்களை எடுத்த குடும்பத்தின் தடித்த கோப்பு அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. அது வீட்டிலேயே இருக்கிறது. அவர்கள் கேட்பது அந்த நான்கைந்து தாளை. பலர் கையில் கிடைக்கும் தாளில், தாயின் பெயர் இருக்க வேண்டிய கோட்டில் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. சிலருக்கு அங்கே ஒரு கைநாட்டு இருக்கிறது.